பழைய விமானத்துக்குப் புதிய பேனல்: வேலை பின்பக்கத்தில்தான் தொடங்குகிறது

22 வருடமாக என் வேலை, விமானியின் காலடியில் மல்லாந்து படுத்து, கருவிகள் பொருத்திய பேனலுக்குப் பின்னால் கைவிட்டு ஒயர் தேடுவது. பழைய ஊசிக் கருவிகளுக்குப் பதில் மின்னணுத் திரை போட வருபவை பெரும்பாலும் 1960களிலும் 70களிலும் தயாரான செஸ்னா, பைப்பர், மூனி போன்ற சிறிய விமானங்கள். உரிமையாளர்கள் என்னிடம் முதலில் கேட்பது “எந்தத் திரை போடலாம்?” என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது “உங்கள் ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர்?”

இந்தக் கேள்வி அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் திரை இந்த வேலையின் கடைசிப் பகுதி. மின்சாரம், எர்த், ஆன்டெனா, குளிர்ந்த காற்று, இந்த நான்கும் சரியாகக் கிடைத்தால் நல்ல திரை எதுவும் ஒழுங்காக வேலை செய்யும். கிடைக்காவிட்டால் எவ்வளவு உயர்ந்த கருவியும் மேகத்துக்கு நடுவில் அணைந்து எரியும். அதனால் இந்தக் குறிப்புகளை நான் வேலை செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் எப்படிப் பறக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பகலில், தெளிவான வானத்தில் மட்டும் பறப்பவருக்கு ஒரு நல்ல ரேடியோவும், ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும், விமானத்தின் சாய்வைக் காட்டும் ஒரு சிறிய மின்னணு ஹொரைசனும் போதும். மேகத்துக்குள் போய் கருவியைப் பார்த்தே இறங்குபவருக்குக் கணக்கு வேறு. எங்கே பறக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிகளுக்கு, விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கட்டாயம். அங்கே 18,000 அடிக்குக் கீழே 978 மெகாஹெர்ட்ஸ் கருவியும் செல்லும். அதற்கு மேலே போவதானாலும், வேறு நாட்டுக்குப் போவதானாலும் 1090 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஐரோப்பாவில் ரேடியோ, அலைவரிசைகளுக்கு இடையே உள்ள 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியைப் பிடிக்க வேண்டும். இவற்றை முதலில் எழுதி வைத்துவிட்டால், வாங்க வேண்டியவற்றில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

அனுமதியை நீட்டி எழுதப் போவதில்லை, ஆனால் தாண்டிப் போகவும் முடியாது. ஒரு கருவி தரமானது என்பது ஒன்று. அதை உங்கள் விமானத்தில் பொருத்தலாம் என்பது இன்னொன்று. பொருத்துவதற்குப் பெரும்பாலும் எஸ்டிசி என்ற துணை வகைச் சான்று தேவை. இப்போது ஒரே எஸ்டிசியின் கீழ் நூற்றுக்கணக்கான மாடல்களைச் சேர்த்துப் பட்டியல் தருகிறார்கள். அதில் உங்கள் மாடல் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். உரிமம் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டிய வேலை இது. நீங்களே ஸ்குரூ கழற்ற விரும்பினால், கையெழுத்துப் போடப்போகிறவரிடம் தொடங்கும் முன்பே பேசுங்கள். முடித்த பிறகு போய் நின்றால், அவர் எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்கச் சொல்வார். சொல்வதுதான் நியாயம்.

மின்சாரக் கணக்கு

ஒரு தாளை எடுத்து விமானத்தில் மின்சாரம் குடிக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: ரேடியோ, விளக்குகள், பிட்டோ சூடாக்கி (வேகம் அளக்கும் குழாயைச் சூடாக்குவது), எரிபொருள் பம்பு, ஃபிளாப் மோட்டார். புத்தகத்தில் உள்ள எண் ஒரு பக்கம். கிளாம்ப் மீட்டர் போட்டு அளந்த எண் இன்னொரு பக்கம். பழைய விமானத்தில் இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். தொடர்ந்து ஓடுபவற்றின் கூட்டுத்தொகை, தனியாக ஓவர்லோட் காட்டும் வசதி இல்லாத விமானத்தில், ஆல்டர்னேட்டரின் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றால் உங்கள் எல்லை 48.

நான் வேலை செய்த ஒரு 1975 செஸ்னா 172இல் இந்தத் தாள் 51 என்று சொன்னது. உரிமையாளர் ஆல்டர்னேட்டரை மாற்றத் தயாராகிவிட்டார். அதற்கு முன் விளக்குகளைப் பாருங்கள் என்றேன். 14 வோல்ட் விமானத்தில் 100 வாட் லேண்டிங் விளக்கு 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதையும் டாக்ஸி விளக்கையும் நேவிகேஷன் விளக்குகளையும் அந்த மாடலுக்கு அனுமதியுள்ள எல்இடிக்கு மாற்றியதும் கணக்கு வசதியாக உள்ளே வந்தது. ஆல்டர்னேட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது.

வோல்டேஜையும் உறுதி செய்துகொள்ளுங்கள். செஸ்னா 172 வரிசை 1978 மாடலில் 28 வோல்ட்டுக்கு மாறியது. அதற்கு முந்தையவை 14 வோல்ட். புதிய திரைகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். ஆனால் பேனல் விளக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒயரை அவற்றோடு இணைக்கும்போது 14ஆ 28ஆ என்று திரைக்குள் சொல்லியாக வேண்டும். தவறாகச் சொன்னால் பகலில் ஒன்றும் தெரியாது. முதல் இரவுப் பறப்பில் திரை கண்ணைக் கூசும், அல்லது படிக்க முடியாத அளவு மங்கும். அதற்காகவே நான் ஹேங்கர் கதவை மூடி, விளக்கை அணைத்து, இருட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் விமானத்தை ஒப்படைக்கிறேன்.

பிரிக்கும்போது

பேனலைக் கழற்றும் முன் படம் எடுங்கள். கழற்றிய பிறகும் எடுங்கள். ஒவ்வொரு ஒயரையும் வெட்டும் முன் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். 50 வயதான விமானத்தில் நாலைந்து பேர் நாலைந்து காலத்தில் கைவைத்திருப்பார்கள். எப்போதோ கழற்றிய பழைய வழிகாட்டிக் கருவிகளான ஏடிஎஃப்பின் ஒயர், லோரானின் ஆன்டெனா கேபிள், எதற்கென்றே தெரியாத ஒரு சுவிட்ச், எல்லாம் அப்படியே தொங்கும். உயிரில்லாத ஒயரை விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் கடைசி முனை வரை பின்தொடர்ந்து போய் எடுங்கள். ஒரு விமானத்திலிருந்து 6 கிலோ வெறும் ஒயரும் கேபிளும் எடுத்திருக்கிறேன்.

அந்தக் காலத்து ஒயர்களின் மேலுறை பிவிசி. வயதானால் இறுகி, வளைத்தால் வெடிக்கும். எரிந்தால் வரும் புகை நச்சு. விமான அறையில் புகை வந்தால் ஓடிப்போக இடமில்லை. அதனால் புதிய கருவிக்குப் போகும் பழைய ஒயரில் “இது நன்றாகத்தானே இருக்கிறது” என்று மிச்சம் பிடிக்காதீர்கள். டெஃப்செல் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட, ஈயம் பூசிய பல்லிழை ஒயர்தான் இப்போது வழக்கம். முனைகளை அதற்கென்று உள்ள கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். சாதாரணக் குறடால் நசுக்கிய முனை அன்றைக்கு வேலை செய்யும், அடுத்த வருட அதிர்வில் கழன்று வரும். சர்க்யூட் பிரேக்கரையும் ஒயரின் தடிமனைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். பிரேக்கர் காப்பாற்றுவது ஒயரைத்தான், கருவியை அல்ல. பெரிய பிரேக்கர் போட்டால் ட்ரிப் ஆகாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒயர் கட்டுகளைக் கட்டி முடித்ததும், கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முழுவதும் பின்னால் இழுத்து, இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். முழுவதும் முன்னால் தள்ளியும் அதையே செய்யுங்கள். ஒருவர் திருப்ப, இன்னொருவர் விளக்கு வைத்துப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். ஒரு முறை என்னிடம் ரேடியோ கரகரப்பு என்று வந்த விமானத்தில், யாரோ எப்போதோ கட்டிய ஒயர் கட்டு, சக்கரத்தை முழுதாக இழுத்து இடதுபுறம் திருப்பினால் மட்டும் சங்கிலியில் சிக்கியது. ஒயரின் உறையில் பல் பதிந்த தடம் இருந்தது. குறுக்குக் காற்றில் இறங்கும்போது அது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றிலிருந்து இந்தச் சோதனையை மூன்று முறை செய்கிறேன்: கட்டியதும், பேனலை மூடியதும், ஒப்படைக்கும் நாளிலும்.

வேக்குவம் பம்பும் ஆட்டோபைலட்டும்

பழைய ஹொரைசனும் திசை காட்டும் ஜைரோவும் என்ஜினில் ஓடும் வேக்குவம் பம்பு இழுக்கும் காற்றால் சுழல்கின்றன. பம்புக்குள் இருப்பவை கார்பன் தகடுகள். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் உடையும். உடைந்ததும் ஜைரோ உடனே நிற்காது. மெல்ல மெல்ல வேகம் குறைந்து, சாய்ந்தபடியே பொய் சொல்லும். மேகத்துக்குள் விமானி அந்தப் பொய்யை நம்பித் திருத்திக்கொண்டே போவதுதான் ஆபத்து. மின்னணு ஹொரைசன் வந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி இதுதான். 2016இல் சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கு வந்த கார்மின் ஜி5, பழைய மூன்றே அரைக்கால் அங்குல வட்டக் கருவி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். மின்சாரம் போனாலும் தன் பேட்டரியில் 4 மணி நேரம் வரை தாங்கும். 2020இல் வந்த ஜிஐ 275 அதே அளவு ஓட்டைக்குள் இன்னும் பல வேலைகளைச் செய்கிறது.

சரி, பம்பைத் தூக்கி எறியலாமா? எறியும் முன் அந்தக் காற்றை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். சில இரட்டை என்ஜின் விமானங்களில் இறக்கையின் பனியகற்றும் ரப்பர் உறைகள் இதே பம்புகளின் காற்றில்தான் ஊதுகின்றன. பழைய மூனிகளில் இறக்கையைச் சமமாக வைத்திருக்கும் பிரிட்டன் அமைப்பு முழுக்க வேக்குவத்தில் ஓடுவது.

அதைவிட அதிகம் பேர் சறுக்கும் இடம் ஆட்டோபைலட். சில ஆட்டோபைலட்டுகள் விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பழைய ஹொரைசனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. கிங் கேஎஃப்சி 150 அப்படி; அதற்குக் கண் கேஐ 256 என்ற வேக்குவம் ஹொரைசன். அதைக் கழற்றிவிட்டு, ஆட்டோபைலட்டோடு பேசத் தெரியாத ஒரு திரையை வைத்தால் ஆட்டோபைலட் குருடாகிவிடும். எஸ்-டெக் வகைகள் பலவும், விமானம் திரும்பும் வேகத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டரிடமிருந்து தகவல் எடுக்கின்றன. அங்கே ஹொரைசனை மாற்றினால் பாதிப்பில்லை, ஆனால் டர்ன் கோஆர்டினேட்டரைத் தொட்டால் போச்சு. ஆகவே ஆட்டோபைலட்டின் மாடலை எழுதிக்கொண்டு, வாங்கப்போகும் திரையின் பொருத்துதல் கையேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் “வேலை செய்யும்” என்று சொல்வது போதாது.

ஆன்டெனா, எர்த், காந்தம்

இந்தப் பகுதிக்கு எப்போதும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

ஆன்டெனா தகடு விமான உடலோடு வெறும் உலோகமாகத் தொட வேண்டும். பெயின்டைச் சுரண்டி, அரிப்பைத் துடைத்து, தொடுதடையை மில்லி ஓம் மீட்டரால் அளங்கள். 3 மில்லி ஓமுக்குள் வர வேண்டும். பழைய ஆர்ஜி-58 கேபிளை எடுத்துவிட்டு, இரட்டைக் கவசமுள்ள ஆர்ஜி-400 போடுங்கள். ரேடியோ பழுது என்று கொண்டுவந்த எத்தனையோ விமானங்களில் நான் மாற்றியது கேபிளையும் அதன் முனையையும் மட்டும்தான்.

ஜிபிஎஸ் ஆன்டெனாவை ரேடியோ ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். காரணம் எளிய பெருக்கல். ஜிபிஎஸ் வரும் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். 131.275ஐ 12ஆல் பெருக்கினாலும், 121.175ஐ 13ஆல் பெருக்கினாலும் கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கிறது. நீங்கள் அந்த ரேடியோ அலைவரிசைகளில் பேசும்போது கசியும் எதிரொலி, விண்ணிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை அமுக்கிவிடலாம். அதனால் எல்லாம் பொருத்தியதும் விமானத்தை வெட்டவெளியில் நிறுத்துங்கள். 121.15, 121.175, 121.2, 131.25, 131.275, 131.3 ஆகியவற்றில் யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, ஒவ்வொன்றிலும் அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மைக்கை அழுத்தி வைத்து, ஜிபிஎஸ் பக்கத்தில் செயற்கைக்கோள் கம்பங்கள் சரிகின்றனவா என்று பாருங்கள்.

ஹெட்செட்டில் என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஊய்’ என்ற சத்தம் கேட்டால் பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு. ஆடியோ ஒயரின் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், கையேடு எந்த முனை என்று சொல்கிறதோ அங்கே. ஹெட்செட் ஜாக்குகள் பேனல் தகட்டைத் தொடக் கூடாது. அவற்றுக்கென்று மின்கடத்தா வாஷர் இருக்கிறது. அந்தச் சின்ன வாஷரைத் தொலைத்துவிட்டு ஒரு வாரம் சத்தத்தைத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

திசை உணரும் மேக்னடோமீட்டரை இறக்கை நுனியிலோ வாலுக்கு அருகிலோ வைப்பார்கள். அதைச் சுற்றி இரும்பு ஸ்குரூ ஒன்றுகூட இருக்கக் கூடாது. வைத்த பிறகு ஸ்டிரோப், நேவிகேஷன் விளக்கு, பிட்டோ சூடாக்கி, ஃபிளாப் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, திசை எண் நகர்கிறதா என்று பாருங்கள். இரண்டு டிகிரி நகர்ந்தாலும் நான் இடத்தை மாற்றுவேன். கண்ணாடிக்கு மேலே உள்ள பழைய காந்தத் திசைகாட்டியை மறந்துவிடாதீர்கள். புதிய கருவிகள் அதையும் இழுக்கும். 30 டிகிரிக்கு ஒரு முறை நிறுத்தித் திருத்தி, புது அட்டை எழுதி ஒட்டுங்கள்.

திரையை வைப்பது

இப்போதுதான் திரை. நடுவில் ஹொரைசன், அதன் இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் உயரம், கீழே திசை. இந்த வரிசை விமானிகளின் கண்ணில் ஊறிப்போனது. பேனலை எவ்வளவு அழகாக வெட்டினாலும் இதைக் கலைக்காதீர்கள். அலுமினியத் தகட்டை வெட்டும் முன் திரைகளின் அளவுக்கு அட்டை வெட்டி ஒட்டிவிட்டு, இருக்கையில் உட்கார்ந்து கைநீட்டிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, எரியும் திரையையும் ஒரு முறை பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி சில திரைகளை முற்றிலும் கறுப்பாக்கிவிடும்.

பழைய ஊசி வேகமானியையும் ஊசி உயரமானியையும் வைத்துக்கொள்ளத்தான் நான் சொல்வேன். அவற்றுக்கு மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். விதி அவற்றை எடுக்க அனுமதித்தாலும், இடம் இருந்தால் வலப்பக்கமாவது வையுங்கள். ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள ஜிபிஎஸ் இருந்தால் அதையும் உடனே தள்ள வேண்டாம். 1998இல் வந்த ஜிஎன்எஸ் 430க்குப் பதிலாக அதே தட்டில் நுழையும் ஐஎஃப்டி 440 போன்றவை இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒயரிங்கை மட்டும் அடுத்த கட்டத்துக்கும் சேர்த்தே இழுத்து வைத்துவிடுங்கள்.

வேகத்தின் அலகைக் கவனியுங்கள். 1970களின் நடுப்பகுதி வரை வந்த பல விமானங்களில் கையேடு மணிக்கு இத்தனை மைல் என்று பேசும்; புதிய திரை நாட்ஸில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று பேசும். கையேட்டில் 80 மைல் என்றிருப்பது திரையில் 70 நாட்ஸுக்குச் சற்றுக் கீழே. என்ஜின் நின்றுபோன நேரத்தில் மனக்கணக்குப் போட முடியாது. திரையின் அலகும் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லைகளும் உங்கள் விமானத்தின் அங்கீகரிக்கப்பட்ட கையேட்டோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிச் சொல்லிச் சரிபாருங்கள். அமைப்புப் பக்கங்கள் அனைத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் திரை பழுதாகி மாற்று வரும்போது அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

மூடிய பிறகு

உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயைப் பிரித்திருந்தால் கசிவுச் சோதனை செய்தே ஆக வேண்டும். காற்றழுத்தம் ஏற்றாத சிறு விமானத்தில் 1,000 அடி உயரத்துக்குச் சமமாக இழுத்து நிறுத்தினால், உயரமானி ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. இதை உரிய கருவியால்தான் செய்ய வேண்டும். வாயால் உறிஞ்சிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்; நல்ல உயரமானியும் வேகமானியும் அதில் கெட்டுப்போகும். டிரான்ஸ்பாண்டர் சோதனையும் இதோடு சேர்த்தே.

எடையை முடிந்தால் தராசில் ஏற்றியே பாருங்கள். 50 வருடமாகக் கூட்டியும் கழித்தும் வந்த காகிதக் கணக்கை நான் நம்புவதில்லை. பேனல் முன்னால் இருப்பதால், கனமான பழைய ரேடியோக்களை எடுக்கும்போது எடை மையம் பின்னால் நகரும். பின் இருக்கையில் ஆட்களை ஏற்றிப் பறப்பவர்கள் இந்தப் புது எண்ணை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் பறப்பு பகலில், தெளிவான வானத்தில், கூட இன்னொரு விமானியோடு. ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் வெளியே மட்டும் பார்க்கட்டும். ஆட்டோபைலட்டைப் போட்ட உடனே, அதை எடுக்க எத்தனை வழி உண்டோ அத்தனையையும் செய்து பாருங்கள்: சிவப்புப் பொத்தான், பிரேக்கர், கையால் மீறித் திருப்புவது. ஒரு முழு வட்டம் அடித்து எல்லாத் திசையிலிருந்தும் ரேடியோவில் பேசுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் சத்தம் குறைந்தால் ஆன்டெனா விமானத்தின் நிழலில் இருக்கிறது.

அப்புறம் பயிற்சி. அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2002 முதல் 2006 வரை தயாரான 8,000க்கும் மேற்பட்ட சிறு விமானங்களை எடுத்துக்கொண்டு, திரை உள்ளவற்றையும் ஊசிக் கருவி உள்ளவற்றையும் ஒப்பிட்டார்கள். திரை உள்ளவற்றில் மொத்த விபத்து விகிதம் குறைவு. ஆனால் உயிர்ச்சேத விபத்து விகிதம் அதிகம். விமானிகளுக்குக் கருவிக்கேற்ற பயிற்சி தேவை என்று அவர்கள் வலியுறுத்தினார்கள். அதனால் முதல் 10 மணி நேரமாவது மேகத்துக்குள் போகாதீர்கள். பயிற்றுநரை வலப்பக்கம் உட்கார வைத்து, திரையை அவர் ஒரு அட்டையால் மறைக்க, மீதிக் கருவிகளை வைத்துத் திரும்பவும் இறங்கவும் பழகுங்கள். மறுநாள் அவர் வேறொரு திரையை மறைக்கட்டும்.

25 மணி நேரம் பறந்ததும் பேனலின் பின்பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். ஒயர் கட்டு எங்காவது உராய்ந்திருக்கிறதா, கனெக்டர் ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா, குளிர்விக்கும் விசிறி சுற்றுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். சக்கரத்தை மீண்டும் முழுதாக இழுத்து இரண்டு பக்கமும் திருப்புங்கள். பார்த்ததை லாக்புக்கில் எழுதி, ஒயரிங் வரைபடத்தின் ஒரு நகலை விமானத்தின் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள். அடுத்து இங்கே மல்லாந்து படுக்கப் போகிறவருக்கு அது வேண்டும்.